வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்

“கொன்னது டிரைவர்தான்,” என்றாள் நூபியா, காபியை உறிஞ்சியபடி. “நேத்து எபிசோடுல அவன் கையில கட்டு இருந்துச்சே.”

“போக்கா, அது நம்மளைக் குழப்புற வேலை,” என்றான் ஹில்டார்டோ. “எனக்கு அந்தப் பாதிரியார் முழியே சரியில்ல.”

பெரெய்ரா ஊர் முழுக்க இதே பேச்சுதான். வெள்ளிக்கிழமை அந்த டிவி தொடரின் கடைசி எபிசோடு.

“எதுக்கு சண்டை? ஒஃபேலியாவையே கேட்போம். அவ வீட்டுக்காரர் எழுதின கதைதானே,” என்றேன்.

ஒஃபேலியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நானும் தினம் கேட்டேன். வெள்ளிக்கிழமை டிவியில பாத்துக்கோன்னுட்டார். அந்தக் கடைசி எபிசோடுல ஒரு வரிகூட எழுதி வைக்கல.”

சொல்லிவிட்டு, சவப்பெட்டியில் கிடந்தவரைப் பார்த்து மறுபடி விசும்பினாள்.

அதுவரை மரியாதைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நாங்கள், அப்போதுதான் வாய்விட்டு அழுதோம்.