டாரிலின் ஏழு கணிப்புகள்

2023 மார்ச் 6, சிட்னி. ஓராண்டாக வேலையில்லாமல் இருந்த டாரிலை ஒரு சமூக வலைத்தள நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. அந்தத் தளத்தில் அடுத்து என்ன வசதி வரும் என்று அவர் இணையத்தில் எழுதிய ஏழு கணிப்புகளும் அப்படியே பலித்திருந்தன.

"இங்க யாரையாவது தெரியுமா?" மேலாளர் ப்ரான்வின் நேரடியாகவே கேட்டார்.

"உங்க ஆபீஸ் வாசலையே இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அப்புறம் எப்படித்தான் சொல்றீங்க?"

"ஜனங்க புலம்புறதைக் காதுகொடுத்துக் கேப்பேன்."

"சரி, அடுத்து என்ன வரும்?"

"கமென்ட்டை டைப் பண்ண வேண்டாம், பேசினாலே போதும்னு வரும்."

ப்ரான்வின் காபியைக் கீழே வைத்தார். "அடப்பாவி! அது இந்த ஊர்லயே நாலு பேருக்குத்தான் தெரியும்!"

வேலை அங்கேயே உறுதியானது. டாரில் கையெழுத்துப் போட்டதும் ப்ரான்வின் போனில் யாருக்கோ ஓர் உத்தரவு போட்டுவிட்டுச் சிரித்தார்.

"உங்களால எங்களுக்குப் பெரிய தலைவலி போச்சு. எந்த வசதியையும் முதல்ல நியூசிலாந்துல கொஞ்சம் பேரோட போன்ல விட்டுப் பாப்போம். ஜனங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லத்தான் இப்ப நீங்க வந்துட்டீங்களே! அந்தச் சோதனையை இன்னையோட நிறுத்திட்டோம்."

வெளியே வந்த டாரில், நியூசிலாந்தில் இருக்கும் அக்கா ராபினை அவசரமாக அழைத்தார்.

"அக்கா, உன் போன்ல புதுசா ஏதாவது முளைச்சிருக்கா?"

"இல்லடா! வாராவாரம் ஏதாவது மாறி என் உயிரை வாங்குதுன்னு உன்கிட்ட புலம்புவேன்ல? இப்பதான் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. அப்பாடா!"

அந்த ஆண்டு ஜூன் மாதம் டாரில் மறுபடியும் வேலை தேடத் தொடங்கினார்.