பந்து முந்தியா, குண்டு முந்தியா?

"அழி! அந்தப் படத்தை இப்பவே அழி!"

ஏர்னஸ்ட் துள்ளி எழும்பிய வேகத்தில் பாதித் தேத்தண்ணி கார்பெட்டில் ஊற்றுப்பட்டது.

மகள் சுதர்ஷிகா போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பன்னிரண்டு நாள் இலங்கைக்குப் போய்விட்டு நேற்றுத்தான் ஒக்லாந்துக்குத் திரும்பியிருந்தாள். இப்போது வீட்டு டிவியில் பயணப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் என்று எல்லாம் நல்லாத்தான் போனது, இந்தப் படம் வரும்வரைக்கும்.

படத்தில் பழைய ஸ்கோர் புத்தகம் ஒன்றின் பக்கம். கரையான் அரித்தது போக மிச்ச எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

'ஏர்னஸ்ட், போல்ட், பந்து சிவனேசன், ஓட்டம் 48. அதன் பிறகு குண்டுச் சத்தம். ஆட்டம் நிறுத்தம்.'

விஷயம் இதுதான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் திரும்பச் சண்டை தொடங்கிய கிழமை, இரண்டு கிளப் பெடியங்களுக்குக் கிரிக்கெட் மேட்ச். சிவனேசன் பந்து போட, ஏர்னஸ்டின் ஸ்டம்ப் விழுந்தது. பக்கத்து வெளியில் குண்டும் விழுந்தது. உயிர் தப்பினால் போதும் என்று ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். பிறகு யார் தீர்ப்புச் சொல்கிறது?

"நான்தான் போல்டாக்கினனான்" என்பார் சிவனேசன்.

"பந்து படவே இல்லை. குண்டு விழுந்த அதிர்ச்சியில ஸ்டம்ப் தானா விழுந்தது. நான் நொட் அவுட்!" என்பார் ஏர்னஸ்ட்.

இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியாச்சு. ஆனாலும் இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் சிவனேசன் நியூ லின்னில் இருந்து காரோட்டி வருவார். சோற்றைப் பிசைந்துகொண்டே இரண்டு பேரும் இந்த வழக்கை வாதாடுவார்கள். சத்தம் கேட்டு, ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, யாருக்கும் அடிகிடி பட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படியிருக்க, பயணம் போன பிள்ளைகளுக்கு சரித்திர டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். போர்க்காலத்து ஒரு நாளை இரண்டு பேர் எப்படி வேறு வேறாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை பெற்றோருக்கு முன்னால் அதைப் பேச வேண்டும். சுதர்ஷிகா எடுத்தது அந்த மேட்ச் நாளை.

"நீங்கதானே அப்பா தேடச் சொன்னது? ஸ்கோர் எழுதின இராசநாயகம் அங்கிளைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூண்டு நாள் போச்சு. இடம்பெயரேக்க வீட்டு உறுதிப் பத்திரத்தை விட்டிட்டு இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவராம்!"

"முழுக்கக் கரையான் திண்டிருக்கும் எண்ட நம்பிக்கையில சொன்னனான்! அவன் இப்பிடிப் பொத்திப் பொத்தி வைச்சிருப்பான் எண்டு ஆர் கண்டது?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி புஷ்பமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு வருசமா நொட் அவுட், நொட் அவுட் எண்டு என்ர காதைத் திண்ட மனிசன்! நல்லா வேணும்!"

சுதர்ஷிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தால் இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் முடிப்பது அவளுடைய வழக்கம்.

"திஸ் இஸ் நொட் ஃபன்னி, அப்பா! அங்க ஒரு உடைஞ்ச பாலம் பாத்தனாங்கள். ஆமி உடைச்சது எண்டு ஒரு அம்மா சொன்னா. இயக்கம் உடைச்சது எண்டு ஒரு ஐயா சொன்னார். சொல்லேக்க ரெண்டு பேரும் அழுதவை. எது உண்மை எண்டு காட்ட அவையிட்ட ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. உங்களுக்கு இருக்கு. நீங்க அழி எண்டுறீங்க! தோத்ததைச் சொல்ல அவ்வளவு வெக்கமா? பொய் சொல்லாதை, பொய் சொல்லாதை எண்டு எனக்கு எத்தனை தரம் ஏசினனீங்கள்?"

ஏர்னஸ்டின் முகம் சுருங்கிவிட்டது. மெல்ல சோபாவில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, நான் அவுட் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பந்து ஸ்டம்பில பட்ட சத்தம் இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. குண்டு பிறகுதான் விழுந்தது."

குசினியில் சிரிப்பு நின்றது.

"அப்ப ஏன் அப்பா இவ்வளவு நாளும் சண்டை?"

"மனிசி சாந்தா அக்கா செத்தாப் பிறகு சிவனேசன் வீட்டை விட்டு வெளிக்கிடுறதே இல்லை. வா, வந்து ஒருவாய் சாப்பிட்டிட்டுப் போ எண்டா வரமாட்டான். இரக்கப்பட்டுக் கூப்பிடுறம் எண்டு அவனுக்கு ரோசம். ஒருநாள் விசர் வந்து போன் எடுத்து, டேய், அண்டைக்கு நான் நொட் அவுட்டடா எண்டன். முக்கால் மணித்தியாலத்தில வாசல்ல வந்து நிண்டான்!"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தப் பக்கத்தைக் கண்டா வழக்கு முடிஞ்சுது. பிறகு அவன் இந்தப் பக்கம் எட்டியும் பாக்கமாட்டான். நாள் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டிருப்பான். கெஞ்சிக் கேக்கிறன், அழிச்சுவிடம்மா."

சுதர்ஷிகா அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்னடி சிரிப்பு?"

"பயப்பிடாதைங்க. இது என்ர பேச்சில இல்லை. நேற்றே வெளியில எடுத்திட்டன், இண்டைக்கு டிவியில தவறி வந்திட்டுது. உங்களுக்கு வேலை எண்டு சிவனேசன் அங்கிள்தானே எயார்போட்டுக்கு வந்தவர்? கார்லயே அவருக்குக் காட்டிட்டன்."

"ஐயையோ, குடியைக் கெடுத்தியே!" ஏர்னஸ்ட் தலையில் கை வைத்தார். "வெண்டிட்டன் எண்டு துள்ளியிருப்பானே! என்ன சொன்னவன்?"

"'உன்ர அப்பாவுக்கு இதைக் காட்டிப்போடாதை பிள்ளை. வேலை, வீடு எண்டு கிடக்கிறவன், இந்த நாட்டில வாய்விட்டுச் சண்டை பிடிக்க என்னை விட்டா அவனுக்கு ஆர் இருக்கினம்? பாவம், அவனுக்காகத்தான் நான் ஞாயிறு ஞாயிறா வாறன்' எண்டவர்."