வெள்ளை விளக்குக்குத் தெரியாத இடம்

ஆபரேஷன் அறையின் கூரையில் பெரிய வெள்ளை விளக்கு பதினெட்டு வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த நுண்ணோக்கிக்குள் ஒரு நீல விளக்கு இருந்தது.

மேசையில் பூரணம் டீச்சர் மயக்கத்தில் கிடந்தார். அவருடைய மூளைக் கட்டி முழுவதையும் எடுத்துவிட்டதாகத்தான் தோன்றியது.

"அப்பல்லாம் இங்க நான் ஒருத்தன்தான்," என்றது வெள்ளை விளக்கு. "லாரி டிரைவர் மாசிலாமணிக்கு என் வெளிச்சத்துலதான் கட்டியைச் சுத்தமா எடுத்தாங்க. மாஸ்க்குக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க. எப்பேர்ப்பட்ட நாள் தெரியுமா!"

"அப்புறம் அவர் வரவே இல்லையா, அண்ணே?" என்றது நீல விளக்கு.

"வந்தாரு. எட்டே மாசத்துல, கட்டி திரும்ப வளந்து, இதே மேசைக்கு."

அப்போது டாக்டர், "பெரிய விளக்கை அணைங்க சிஸ்டர், நீலத்துல ஒரு தடவை பாத்துடுவோம்," என்றார்.

அறை இருண்டது. நீல ஒளி பட்டதும், கட்டியை மட்டும் மின்ன வைக்க டீச்சர் காலையில் குடித்த மருந்து வேலையைக் காட்டியது. கட்டி இருந்த குழியின் ஓரத்தில் கடுகளவு ஒன்று இளஞ்சிவப்பாக மின்னியது. "மிச்சம் இருக்கு," என்ற டாக்டர் அதையும் எடுத்தார்.

மறுபடி எரிந்ததும் வெள்ளை விளக்கு கேட்டது: "அது எங்க இருந்துச்சு, தம்பி?"

"நீங்க பாத்துக்கிட்டிருந்த இடத்துலதான், அண்ணே."



"அப்ப மாசிலாமணியோட மிச்சத்தையும் நான் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கேன்," என்றது வெள்ளை விளக்கு.