வால் முளைத்த எழுத்து

"வால் முளைச்சிருக்குண்ணே, வால்! பன்னிரண்டு வருஷமா இல்லாத வால்!"

லின் கையிலிருந்த அட்டைப் பெட்டியை மேசைமேல் ஓங்கி வைத்தார். தேநீர்க் கிண்ணங்கள் மூன்றும் குலுங்கின.

அச்சக முதலாளி சாய் அசரவில்லை. சீனாவின் செங்ஹாய் ஊரில் யார் எதற்குக் கத்திக்கொண்டு வந்தாலும் முதலில் தேநீர்தான். "உட்காரு தம்பி. ஒரு கிண்ணம் குடி."

"குடிக்கிற நேரமாண்ணே இது? மணி ரெண்டரை!"

சாய் ஊற்ற ஊற்ற, உட்கார்ந்த லின்னின் இரண்டு விரல்கள் ஊர் வழக்கப்படி, பழக்க தோஷத்தில், மேசையைத் தட்டி நன்றி சொல்லிவிட்டன. அதிலும் அவருக்கு எரிச்சல்தான் ஏறியது.

லின்னின் தொழிற்சாலையில் தயாராவது வீடியோ கேம் பெட்டி. டிவியில் செருகி விளையாடுகிற கறுப்புப் பெட்டி ஒன்று, கைப்பிடிகள் இரண்டு. அவற்றை வைத்து அனுப்பும் அட்டைப் பெட்டிகளைப் பன்னிரண்டு வருடமாக அடித்துத் தருகிறவர் சாய். இந்தத் தடவை ஆறாயிரம். எல்லாவற்றிலும் சரக்கை வைத்து, ஒட்டி, கன்டெய்னரில் ஏற்றியாகிவிட்டது. நான்கு மணிக்கு அது துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கடைசிப் பெட்டியை ஏற்றும்போதுதான் லின்னின் கண் அந்த எழுத்தில் விழுந்தது.

சாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலர் எல்லாம் நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"கலரை யாரு கேட்டா?"

"'பத்தாயிரம் ஆட்டங்கள்'னு போட்டதுல சைபர் ஏதும் குறைஞ்சு போச்சா?"

"சைபர் எத்தனை வேணும்னாலும் போட்டுக்கோங்க! உள்ள இருக்கிறது பதினெட்டு ஆட்டம், எவன் எண்ணப் போறான்? பேரைப் பாருங்கண்ணே, பேரை! கடைசி இங்கிலீஷ் எழுத்தைப் பாருங்க!"

சாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. லின்னுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் லின்னுக்குச் சொந்தக்காரர் முகம் மாதிரி பழக்கம்.

"அரை வட்டமா, வாயைத் திறந்துக்கிட்டு, சிவனேன்னு நிக்கணும். இங்க பாருங்க, கீழ் உதட்டுல ஒரு குட்டி வால்!"

"இந்தத் துளியூண்டு வாலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கண்ணாடி போட்ட எனக்கே தெரியல."

"கஸ்டம்ஸ்காரனுக்குத் தெரியும்ணே! ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்ப்பான். அந்த வாலைப் பார்ப்பான். போலிச் சரக்குன்னு முத்திரை குத்தி, ஆறாயிரத்தையும் இறக்கி வச்சிடுவான். அப்புறம் என் ஃபேக்டரிக்குப் பூட்டு. நாப்பது பேரு நடுத்தெருவுல. முதல்ல நான்!"

"மேல கறுப்பு மை தடவி..."

"ஆறாயிரம் வாலையும் ஒண்ணரை மணி நேரத்துல உட்கார்ந்து நறுக்கச் சொல்றீங்களா?"

லின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பன்னிரண்டு வருஷம்ணே. என் மேல ஒரு கேஸ் உண்டா? ஒரு நோட்டீஸ் உண்டா? இந்தத் தெருவுல ஒவ்வொருத்தனா மாட்டினான், நான் மாட்டல. எதனால? அந்த ஒரு எழுத்துல கறாரா இருந்ததால!"

சாய் கண்ணாடியைக் கழற்றினார். இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "மெஷின் கோளாறா இருக்குமோ?"

"எந்த மெஷின்ணே ஆறாயிரத்துலயும் ஒரே இடத்துல, ஒரே அளவுல வால் போடும்? யாரோ வேணும்னே வரைஞ்சிருக்காங்க. எனக்கு ஆகாதவன் எவனோ உங்க ஆளை வளைச்சுப் போட்டுட்டான்!"

"சேச்சே! இந்த மாசத்துலேர்ந்து அச்சுக்குப் போறதையெல்லாம் சரிபார்க்கிறது என் மருமக பெய்லிங். குவாங்சோ காலேஜுல இங்கிலீஷ் படிச்ச பொண்ணு தம்பி. ஒரு தப்பு அவ கண்ணுக்குத் தப்பாது."

"கூப்பிடுங்க அந்த மகராசியை!"

பெய்லிங் சிவப்புப் பேனாவும் கையுமாக வந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. மாமனார் நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு இது.

"ஏம்மா, இந்த வால் எப்படி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன் சித்தப்பா."

லின் எழுந்தே விட்டார். "நீயா? தெரிஞ்சேவா போட்டே?"

"பின்னே?" பெய்லிங்கின் முகமெல்லாம் சிரிப்பு. அவர் பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "நீங்க குடுத்த மாதிரியில 'ஜி' வரவேண்டிய இடத்துல வால் இல்லாம 'சி'ன்னு தப்பா இருந்துச்சு. பாவம், இத்தனை வருஷமா யாருமே கவனிக்கல போல. எதுக்கும் இருக்கட்டும்னு பெரிய கடைக்கே போய், அந்த வெளிநாட்டுக் கம்பெனியோட பெட்டியைப் பக்கத்துல வச்சு ஒத்துப் பார்த்துத்தான் திருத்தினேன். இப்ப அவங்க பேரு ஒரு புள்ளி பிசகாம அப்படியே இருக்கு, பாருங்க!"

சாய் ஊற்றிக்கொண்டிருந்த தேநீர், கிண்ணம் நிரம்பி மேசையில் ஓடியது.

லின் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவிப் பொண்ணே! அந்தப் பிழையிலதாம்மா எங்க பிழைப்பே ஓடுது!"