பதினேழு ஆகாது

சர்வர் பன்னிரண்டாவது முறையாகச் சிவப்பு காட்டியபோது இனியவன் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டான். கொட்டாவி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

திண்டிவனம் கிளையில் கலைப்பிரியா எந்தக் கோடிங்கை ஏற்றினாலும், விழுப்புரம் ஆபீஸ் சர்வர் அதைத் தானாகவே கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாக்கிவிடும். மூன்று நாளாகச் செய்யவில்லை. துப்பிவிடுகிறது.

மதியம் கரும்பு ஆலைக்காரர்கள் எடைமேடை மென்பொருளைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பச்சை விழாவிட்டால் கலைப்பிரியாவுக்கு வேலை போய்விடும். அவளுடைய டீம் லீடர் பதவி இனியவனுக்கு. வீட்டில் சொல்லியே விட்டான்.

“என் மெஷின்ல ஓடுது சார்,” என்றாள் கலைப்பிரியா. காலை பஸ்ஸில் நின்றுகொண்டே விழுப்புரம் வந்து சேர்ந்த கடுப்பு குரலில் இருந்தது.

“அப்ப ஆலைக்காரனுக்கு உன் மெஷினயே தூக்கிக் குடுத்துடலாமா?” என்றார் முதலாளி வெங்கடாசலம்.

இனியவன் மட்டும் சிரித்தான்.

“நீ எதுக்குடா பல்லக் காட்டிக்கினு இருக்க?” என்றார் முதலாளி.

இனியவனைத் தள்ளிவிட்டுக் கலைப்பிரியாவே சர்வரின் செட்டிங்ஸைத் திறந்தாள். திண்டிவனத்தில் கம்பைலரின் பதிப்பு பதினேழு. இங்கே பதினெட்டு. பதினேழு கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் பதினெட்டு தப்பு தப்பு என்று கத்திக்கொண்டிருந்தது.

“யாரு சார் மாத்துனது? ரெண்டு ஊர்லயும் ஒரே நம்பர்தான் இருக்கணும்னு நான் பூட்டி வச்சிருந்தேன்.”

“நாந்தாம்மா மாத்தச் சொன்னேன்.” வெங்கடாசலத்துக்குக் கூச்சமே இல்லை. “ஒண்ணும் ஏழும் எவ்ளோ? எட்டு. சனி. சனிய கம்பெனில குந்த வச்சிக்கினு பேஜாராவறதா? பதினெட்டுதான் இருக்கும். நீ ஜல்தியா கோடிங்க மாத்து.”

மணி பதினொன்றரை. திருத்த வேண்டிய ஃபைல்கள் நானூறு சொச்சம். இனியவன் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்தான்.

கலைப்பிரியா பதினெட்டை அழித்துவிட்டு, தன் கம்பைலரின் முழு நம்பரையும் அடித்தாள்.

17.0.6

“இப்ப கூட்டுங்க சார். பதினாலு. ஒண்ணும் நாலும் அஞ்சு. புதன்.”

வெங்கடாசலம் விரல்விட்டுக் கூட்டினார். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினார்.

“புதன் யாவாரத்துக்கு நல்லவன்தான்,” என்று ஒத்துக்கொண்டார்.

நாலாவது நிமிடம் பச்சை விழுந்தது.

“சார், பதினேழு ஆகாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

முதலாளி இனியவன் பக்கம் திரும்பினார்.

“சொன்னவரு பேரக் கூட்டிப் பாத்தீங்களா சார்?” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

வெங்கடாசலம் ஒரு தாளை இழுத்து, என். இனியவன் என்று இங்கிலீஷில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டே போனார்.

இனியவன் காலை மடக்கிக்கொண்டான்.

“இருபத்தாறு. ரெண்டும் ஆறும்...” என்றார் முதலாளி.