பஞ்சு வைத்த வார்

துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வார்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்று பஞ்சு வைத்துத் தைத்தது, மற்றது வெறும் நாடா.

"விருப்பமானதை எடுங்கோ," என்றார் முகாம் பொறுப்பாளர்.

இயக்கம் புதிதாகப் பிடித்துவந்தவர்களின் வரிசையில் முதலில் நின்ற நிமலன் இரண்டு குவியலையும் பார்த்தான். தப்பி ஊருக்குப் போகும் வழியில் எதிரியின் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைத்தான் பார்ப்பார்கள். வார் அறுத்த தழும்பைக் கண்டால் ஆள் வீடு போய்ச் சேரமாட்டான். பஞ்சு இருந்தால் தழும்பு விழாது. எடுத்து மாட்டிக்கொண்டான்.

பின்னால் வந்த அத்தனை பேரும் வெறும் நாடாவையே எடுத்தார்கள்.

பொறுப்பாளர் கிட்ட வந்து, அவன் தோளிலிருந்த பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"நல்ல மெத்தெண்டு இருக்கு. தழும்பும் விழாது. வீட்டில ஆரார் இருக்கினம், தம்பி?"