பிலோமினாவின் வெள்ளிப் பூட்ஸ்

"உன்னைக் கட்டாம இருந்திருந்தா நான் ஜிகினா பூசி மேடையில பாடுற கிளாம் ராக் ஸ்டாருடி!" என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்பிய பெரம்பூர் டெரன்ஸ், நடக்காத சரித்திரங்களின் பாட்டுகளை விற்கும் கடையில், தங்கள் கல்யாணம் நடக்காத சரித்திரத்தின் சோலோ ஆல்பத்தை, தன்னுடையதென்றே நம்பி வாங்கிவந்தான்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உறைப் படத்தில் வெள்ளிப் பூட்ஸும் இமையெல்லாம் ஜிகினாவுமாய், கிதாரோடு அந்தரத்தில் குதித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி பிலோமினா!

பாட்டைப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐயோ கர்த்தரே, நானா இது!" என்று அவள் கட்டில்மேல் ஏறி ஆடினாள்.

அவன் பதறிப்போய் உறையைத் திருப்பினான். மூலையில் பொடி எழுத்தில் அவன் பெயரும் இருந்தது: 'கண்மை தீட்டியவர், டெரன்ஸ்.'

"அங்கயும் என்னை விடலையாங்க நீங்க?" பிலோமினா சிரித்துக்கொண்டே மை டப்பாவை நீட்டி, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினாள்.

ஒருநாளும் மை தொட்டறியாத டெரன்ஸின் விரல், ஒரே இழுப்பில் பிசிறில்லாமல் கோடு போட்டது.